தம்பி கார் ஆக்ஸிடென்ட்: எவ்ளோ ஸ்பீடுல போனான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

தம்பிக்கு_அக்கா எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. போன வாரத்துக்கு முந்தின வாரம் என் தம்பி சென்னைலேர்ந்து திருச்சிக்கு கார்ல வந்துட்டு இருந்தான், தனியா. ராத்திரி ரெண்டேகால் மணி வாக்குல பெரம்பலூருக்கு முன்னாடி ரோட்டுல ப்ரேக்டவுன் ஆகி நின்ன லாரி பின்னாடி மோதிட்டான். ஆஸ்பத்திரி போற வழியிலயே போய்ட்டான். இன்னைக்கு 11 நாள் ஆச்சு.

இப்ப பிரச்சனை என்னன்னா எஃப்ஐஆர்ல "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" மோதினான்னு எழுதியிருக்காங்க, புகார் குடுத்தது அந்த லாரி டிரைவர்தான். லாரிக்காரங்க தரப்புல தம்பி தூங்கிட்டான்னும் சொல்றாங்க. டேஷ்போர்டுல ஸ்பீடோமீட்டர் முள்ளு 110-ல நிக்குது, யாரோ அதை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல போட்டு விட்டுட்டாங்க, இப்ப சொந்தக்காரங்க எல்லாம் 120-ல பறந்திருக்கான், 130-ல பறந்திருக்கான்னு எங்கம்மா காதுபடவே பேசுறாங்க. எங்கம்மா சாப்பிடுறதே இல்ல.

என் வீட்டுக்காரர் ரெண்டாவது நாள் அந்த இடத்துக்கு போனாரு. ரோட்டுல டயர் தடம் இருந்துச்சு, ரொம்ப கறுப்பா இல்ல, விட்டு விட்டு லேசா இருந்துச்சாம், கடைசில இடது பக்கமா வளைஞ்சிருந்துச்சு. டேப் வச்சு அளந்தாரு 18 மீட்டர், ஃபோட்டோவும் எடுத்துட்டு வந்தாரு. நல்ல காய்ஞ்ச தார் ரோடு, மழை இல்ல. லாரி இடது லேன்ல பாதிக்கு மேல நின்னுச்சுன்னு பக்கத்துல டீக்கடைல சொன்னாங்க, பின்னாடி லைட்டும் எரியல, கல்லு கிளை எதுவும் வைக்கலன்னும் சொன்னாங்க. கார் 2019 மாடல், ஏர்பேக் விரிஞ்சிருக்கு. வலது முன்பக்கம் சுத்தமா போயிடுச்சு, டிரைவர் பக்க கண்ணாடி பில்லர் மடங்கிடுச்சு, ஆனா பின் கதவு ரெண்டும் ஒழுங்கா திறக்குது. வண்டி இப்ப ஸ்டேஷன் வாசல்ல வெயில்ல கிடக்கு. இன்சூரன்ஸ்காரங்க டோட்டல் லாஸ்னு சொல்லி கையெழுத்து கேக்குறாங்க.

அவன் நெஜமாவே வேகமா போயிருந்தா அதையும் தெரிஞ்சுக்கணும், எனக்கு உண்மை வேணும் அவ்ளோதான். இதையெல்லாம் கணக்கு போட்டு கண்டுபிடிக்க முடியுமா?

---

பழைய_பிரேக்_இன்ஸ்பெக்டர்:

அம்மா, படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. நான் வண்டி இன்ஸ்பெக்ஷன் பண்ணி ரிட்டையர் ஆனவன், ஆக்ஸிடென்ட் வண்டி நிறைய பாத்திருக்கேன். மொதல்ல ஒண்ணு, அந்த டோட்டல் லாஸ் பேப்பர்ல இப்ப கையெழுத்து போடாதீங்க. போட்டா வண்டி ஏலத்துக்கு போயிடும், பழைய இரும்புக்காரன் வாங்கிட்டு போயிடுவான், அதோட எல்லா சாட்சியும் போச்சு. "விசாரணை முடியட்டும்"னு எழுத்துல குடுங்க.

அடுத்தது அந்த எஃப்ஐஆர் வரி. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்"ங்கறது யாரும் அளந்து பாத்து எழுதினது இல்லம்மா, எந்த விபத்து எஃப்ஐஆரை எடுத்தாலும் அதே வரிதான் இருக்கும், சைக்கிள்காரன் மேல மோதினாலும் அதே வரி. அதுல கிலோமீட்டர் கணக்கு எங்கயாவது இருக்கா பாருங்க, இருக்காது. எஃப்ஐஆரை விட முக்கியமானது, போலீஸ் அந்த இடத்தை பாத்து எழுதுற பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும். லாரி ரோட்டுல எங்க நின்னுச்சு, டயர் தடம் எவ்ளோ நீளம், கண்ணாடி தூள் எங்க கொட்டிக் கிடந்துச்சுன்னு அதுலதான் இருக்கணும். அந்த ரெண்டும், வண்டிய பாத்த இன்ஸ்பெக்டர் குடுத்த ரிப்போர்ட்டும் நகல் வாங்குங்க. மகஜர்ல தடத்தை பத்தியே எழுதாம விட்டிருந்தா உங்க வீட்டுக்காரர் எடுத்த ஃபோட்டோதான் ஆதாரம், அதனால அந்த ஃபோனை மாத்தாதீங்க, ஃபோட்டோவ வாட்ஸ்ஆப்ல அனுப்பினதை மட்டும் நம்பாதீங்க, ஒரிஜினல் ஃபைல்லதான் தேதி நேரம் எல்லாம் இருக்கும்.

அப்புறம் லாரி. அது இன்னும் ஸ்டேஷன்ல இருக்கா விட்டுட்டாங்களா? இருந்தா இன்னைக்கே போய் பின்பக்கம் கிட்டக்க நின்னு ஃபோட்டோ எடுங்க. நான் ஒரு கேஸ்ல பாத்தது சொல்றேன், லாரி பின்பக்கம் பூரா டீசல் கரியும் மண்ணுமா கையி வச்சா ஒட்டுது, ஆனா அதுல இருந்த சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மட்டும் பளபளன்னு இருக்கு. நகத்தால ஓரத்தை தூக்கினேன், ஸ்டிக்கருக்கு அடியில கரி அப்படியே படிஞ்சிருக்கு. அதாவது அழுக்கு மேல ஒட்டியிருக்காங்க, விபத்துக்கு அப்புறம். பழைய ஸ்டிக்கர்னா அடியில பெயிண்ட் சுத்தமா இருக்கும், அழுக்கு மேலதான் இருக்கும். ஒரு நிமிஷ வேலை, ஆனா யாராவது தூக்கிப் பாக்கணுமே.

டெயில் லைட் பல்பும் சாட்சி சொல்லும். எல்ஈடியா இருந்தா இது உதவாது, பழைய கம்பிச்சுருள் பல்பா இருந்தா உதவும். எரிஞ்சிட்டு இருக்கற பல்புல கம்பி சூட்டுல இளகி இருக்கும், அந்த நேரத்துல பலமா அடி வாங்குனா ஸ்பிரிங்கை புடிச்சு இழுத்த மாதிரி நீண்டு கோணிக்கும். அணைஞ்சு குளிர்ந்து இருந்த பல்புன்னா கம்பி அப்படியே இருக்கும், இல்ல டக்குனு ஒடிஞ்சிருக்கும். எரியும்போதே கண்ணாடி ஒடைஞ்சா உள்ள வெள்ளையா மஞ்சளா பொடி படிஞ்சிருக்கும். அதனால அடிபட்ட பக்கத்து பல்பை தூக்கி போட விடாதீங்க, போலீஸ் மூலமா எடுத்து தடய அறிவியல் லேபுக்கு அனுப்ப சொல்லி மனு குடுங்க. லாரி பின்னாடி கீழ குறுக்கா ஒரு கம்பி பாதுகாப்பு இருக்கணும், கார் உள்ள நுழையாம தடுக்க. அதோட அடி விளிம்பு தரையிலேர்ந்து 55 சென்டிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது. அது இருந்துச்சா, இருந்து வளைஞ்சுதா, வெறும் வெல்டிங் போட்டு ஒப்புக்கு தொங்கவிட்டதா, டேப் வச்சு அளந்து ஃபோட்டோ எடுங்க. டிரைவர் பக்க பில்லர் மடங்குச்சுன்னு சொல்றீங்களே, அது கார் லாரிக்கு அடியில நுழைஞ்சா வர்ற அடி.

---

கோவை_கிராஷ்_லேப்:

அக்கா, ரொம்ப வருத்தமா இருக்கு. நான் விபத்து ஆய்வு வேலைலதான் இருக்கேன், உங்க கேள்விக்கு கணக்கோடவே பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுமையா படிங்க.

மொதல்ல அந்த முள்ளு. இப்ப வர்ற கார்ல எல்லாம் முள்ளு ஒரு குட்டி மோட்டார்ல ஓடுது, கரண்ட் கட் ஆனா சிலதுல நின்ன இடத்துல நிக்கும், சிலதுல அடி வாங்கின அதிர்ச்சில எங்கயோ தாவி நிக்கும், சிலதுல பூஜ்யத்துக்கு போயிடும். சக்கரம் தரையை விட்டு தூக்கியோ சறுக்கியோ இருந்தா அந்த ரீடிங்கே வண்டி வேகம் இல்ல. இங்கிலாந்து இளவரசி டயானா 1997 ஆகஸ்ட் 31-ல பாரிஸ் சுரங்கப்பாதை விபத்துல இறந்தப்ப முள்ளு 196-ல நின்னுச்சுன்னு உலகம் பூரா செய்தி ஓடுச்சு, ஆனா முள்ளு நெஜமா இருந்தது பூஜ்யத்துல. பின்னாடி லண்டன் போலீஸ் ஆபரேஷன் பேஜட்னு விசாரிச்சு 2006-ல ரிப்போர்ட் குடுத்தாங்க, அதுல வேகம் சுமார் 100 கிலோமீட்டர்னு வந்துச்சு. அந்த ரோட்டோட லிமிட் 50, அதனால 100-ம் ஜாஸ்திதான், ஆனா 196 வேற 100 வேற. அந்த மெர்சிடிஸ் ஒரு வெள்ளை ஃபியட் ஊனோ கார்ல உரசியிருக்குன்னு தெரிஞ்சதே ஒட்டியிருந்த பெயிண்ட்லயும் கீழ கிடந்த டெயில் லைட் துண்டுலயும்தான். அதனால உங்க வாட்ஸ்ஆப் ஃபோட்டோவ வச்சு யாரு என்ன சொன்னாலும் விடுங்க, தனியா அதுக்கு ஆதார மதிப்பு ரொம்ப கம்மி.

இப்ப உங்க 18 மீட்டர். பிரேக் அடிச்சா டயருக்கும் ரோட்டுக்கும் உராய்வுல வேகம் குறையும், காய்ஞ்ச தார் ரோட்டுக்கு உராய்வு 0.7 சுமாருக்கு எடுப்போம். கணக்கு சிம்பிள்தான்: 254-ஐ உராய்வால பெருக்கி, தடத்தோட நீளத்தால பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தா கிலோமீட்டர் கணக்குல வேகம் வரும். 254 பெருக்கல் 0.7 பெருக்கல் 18, கிட்டத்தட்ட 3200. அதோட வர்க்கமூலம் கிட்டத்தட்ட 57. ஆனா இது தடம் முடியற இடத்துல வண்டி சும்மா நின்னிருந்தா மட்டும்தான் சரி. உங்க தம்பி வண்டி நிக்கல, மோதிருச்சு, அதனால மோதினப்ப இருந்த வேகத்தையும் சேக்கணும், இங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க. 57-ஐயும் மோதின வேகத்தையும் நேரா கூட்டக் கூடாது, வர்க்கத்தை கூட்டணும். மோதினப்ப 50-ல இருந்தான்னு வைங்க, 2500-ம் 3200-ம் 5700, வர்க்கமூலம் 75. மோதினப்ப 40-னா 69 வரும், 60-னா 82 வரும். 57-ம் 60-ம் 117-னு கூட்டிட்டு வந்து நிப்பாங்க, விடாதீங்க.

அதே கணக்கை திருப்பிப் போடுங்க. 120-ல வந்திருந்தா 18 மீட்டர் பிரேக் புடிச்சும் 106-ல போய் மோதியிருக்கணும். 106-ல ஒரு கார் லாரி அடியில போனா பின் கதவு ரெண்டும் ஒழுங்கா திறக்கறது ரொம்ப கஷ்டம்கா. ஃபோட்டோ பாக்காம நான் மோதின வேகம் இவ்ளோன்னு சொல்ல மாட்டேன், நசுங்கின ஆழத்தை முன்பக்கம் அகலத்துல ஆறு இடத்துல அளந்து அந்த மாடலோட முன்பக்கம் எவ்ளோ கெட்டின்னு வச்சு போடணும், லாரி அடியில நுழைஞ்ச வண்டில அது இன்னும் சிக்கல், ஏன்னா கெட்டியான பம்பர் பாகம் அடியில போயிடும், மெல்லிசான பேனட்டும் பில்லரும்தான் அடி வாங்கும். ஆனா 120-ங்கறது உங்க விவரத்தோட ஒட்டல.

தடம் விட்டு விட்டு லேசா இருந்துச்சுன்னு சொன்னீங்க. இந்தியால 2019 ஏப்ரல்லேர்ந்து புது கார் எல்லாத்துலயும் ஏபிஎஸ் கட்டாயம், அது டயரை லாக் ஆக விடாது, அதனால பழைய அம்பாசடர் மாதிரி கறுப்புக் கோடு விழாது, விட்டு விட்டுதான் விழும். தடம் கண்ணுக்கு தெரியறதுக்கு கொஞ்சம் முன்னாடியே பிரேக் புடிக்க ஆரம்பிச்சிருக்கும், அதையும் நேர்மையா சொல்லிடறேன், அதனால 18 மீட்டர்ங்கறது குறைஞ்சபட்சம், நெஜ வேகம் இதை விட கொஞ்சம் கூடலாம். உராய்வையும் 0.7-னு ஊகிக்க வேணாம், அதே ரோட்டுல போக்குவரத்து இல்லாத நேரம் போலீஸ் துணையோட அதே மாதிரி வண்டிய 50-ல ஓட்டி முழு பிரேக் அடிச்சு பாக்கலாம், 14 மீட்டர்ல நின்னா 0.7 சரி.

அப்புறம் அக்கா, இன்னொண்ணு. பிரேக் அடிச்ச தடம் இருக்கு, தடம் இடது பக்கம் வளைஞ்சிருக்கு, அடி வலது முன்பக்கம் விழுந்திருக்கு. அப்படின்னா உங்க தம்பி லாரியை பாத்துட்டான், பிரேக்கை மிதிச்சிருக்கான், இடது ஓரமா மண்ணுக்கு இறக்கப் பாத்திருக்கான். தூங்கினவன் ஸ்டியரிங்கை திருப்ப மாட்டான். தூங்கிட்டான்ங்கறதை இந்த ஒரு ஃபோட்டோ வச்சே மறுக்கலாம்.

---

ரிங்ரோடு_மதுரை:

மன்னிக்கணும், வருத்தத்துல இருக்கற வீட்டுல இப்படி கேக்கக் கூடாதுதான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு காலியா கிடக்கற நாலு வழி ரோட்டுல 75-ல யாரு சார் போறாங்க? நானே 110-ல போவேன். ஒரு ஃபார்முலாவ வச்சு 69-லேர்ந்து 82-னு சொன்னா கோர்ட்ல எவன் ஒத்துப்பான்? ஏர்பேக்ல கருப்புப் பெட்டி இருக்கும்னு சொல்றாங்களே அதை எடுத்தா தெரிஞ்சிருமே.

---

கோவை_கிராஷ்_லேப்:

நியாயமான கேள்விதான். ஒரே ஒரு வழியா வந்த நம்பரை நாங்களும் நம்ப மாட்டோம், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு மூணு வழியா வந்து ஒரே இடத்துல நிக்குதான்னுதான் பாப்போம்.

கருப்புப் பெட்டின்னு சொல்றது ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டுக்குள்ள இருக்கற மெமரி. பெரும்பாலான கார்ல ஹேண்ட்பிரேக் பக்கம் நடுவுல கீழ போல்ட் போட்டு உக்காந்திருக்கும். எல்லா கார்லயும் முழு விவரமும் பதிவாகும்னு சொல்ல முடியாது, ஐரோப்பால 2024 ஜூலைலேர்ந்து விக்கிற எல்லா புது கார்லயும் கட்டாயம், நம்ம ஊர்ல மாடலை பொறுத்தது. இருந்தா மோதறதுக்கு முந்தின 5 செகண்ட் வேகம், பிரேக் மிதிச்சானா, ஆக்ஸிலரேட்டர் எவ்ளோ, பெல்ட் போட்டிருந்தானா எல்லாம் கிடைக்கும். டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கேஸ் ஞாபகம் இருக்கா, 2022 செப்டம்பர் 4, பால்கர் பக்கம் சூர்யா ஆத்துப் பாலத்துல மோதினது. அந்த கார் டேட்டாவ கம்பெனியே எடுத்து போலீசுக்கு குடுத்துச்சு, மோதறதுக்கு 5 செகண்ட் முன்னாடி 100, பிரேக் அடிச்சு மோதினப்ப 89-னு வந்துச்சு. ஆனா அந்த கேஸ்ல வேகம் ஒண்ணு மட்டுமா பேசினாங்க? மூணு லேன் ரோடு பாலத்துக்கிட்ட ரெண்டு லேனா சுருங்குறது, பாலத்து சுவர் நீட்டிட்டு நிக்கறது, பின் சீட்ல பெல்ட் போடாதது, எல்லாம் வந்துச்சு. முன் சீட்ல இருந்த ரெண்டு பேரும் பொழச்சாங்க, பின் சீட்ல இருந்த ரெண்டு பேரும் போய்ட்டாங்க.

அதே மாதிரி டைகர் வுட்ஸ், கோல்ஃப் ஆடுவாரே, 2021 பிப்ரவரில லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் கவுந்தாரு. 45 மைல் லிமிட்ல 80 மைலுக்கு மேல வந்திருக்காரு, மரத்துல மோதினப்ப 75 மைல், பிரேக் மிதிச்சதா பதிவே இல்ல, ஆக்ஸிலரேட்டர் முழுசா மிதிபட்டிருந்துச்சு. பதட்டத்துல பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சிருக்கலாம்னு விசாரிச்ச ஷெரிஃப் ஆபீஸ் (அந்த ஊர் போலீஸ்) கேப்டனே சொன்னாரு. இதை எந்த டயர் தடமும் சொல்லியிருக்காது. ஆனா பெட்டியும் கடவுள் இல்ல, அது சக்கரம் சுத்தறதைத்தான் எண்ணுது, பெரிய டயர் மாத்தியிருந்தா தப்பா காட்டும், ஏபிஎஸ் பிரேக்குல சக்கரம் கொஞ்சம் வழுக்கினா நெஜத்தை விட கம்மியா காட்டும்.

அக்கா, ஃபாஸ்டேக் இருந்துச்சா? கடைசியா எந்த டோல் தாண்டினான், எத்தன மணிக்கு, அங்கேர்ந்து விபத்து இடம் எவ்ளோ தூரம்? எஸ்எம்எஸ் வந்த நேரத்தை எடுக்காதீங்க, அது லேட்டா வரும், ஸ்டேட்மென்ட்ல ரீடர் நேரம் இருக்கும்.

---

தம்பிக்கு_அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தூங்கலன்னு நீங்க எழுதினதை பத்து தடவ படிச்சிட்டேன். ஃபாஸ்டேக் என் பேர்லதான் இருக்கு, ஸ்டேட்மென்ட் எடுத்துட்டேன், டோல் 1.52. 108-க்கு மொதல் கால் போனது 2.21, டீக்கடைக்காரர்தான் பண்ணாரு, சத்தம் கேட்டு ஓடிப்போய் பாத்துட்டு ஒரு ரெண்டு மூணு நிமிஷத்துல பண்ணேன்னாரு. டோல்லேர்ந்து அந்த இடம் 34 கிலோமீட்டர், வீட்டுக்காரர் பைக் மீட்டர்ல பாத்தாரு.

---

கோவை_கிராஷ்_லேப்:

அப்ப மோதினது 2.18, 2.19. ஓடினது 26, 27 நிமிஷம், 34 கிலோமீட்டர். சராசரி 75-லேர்ந்து 78. இது சராசரிதான், நடுவுல ஒரு இடத்துல 100 போய் இன்னொரு இடத்துல 60 போயிருக்கலாம், அதை இது சொல்லாது. ஆனா தடத்துல வந்ததும் அதே எல்லைக்குள்ள நிக்குது. வழியில பெட்ரோல் பங்க் சிசிடிவி ஏதாவது இருந்தா உடனே கேளுங்க, நிறைய இடத்துல 15 நாள், 30 நாள்ல மேல மேல பதிஞ்சு அழிஞ்சிடும், உங்களுக்கு ஏற்கனவே 11 நாள் போச்சு. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல தூரத்தை டேப்ல அளந்து, கார் அதை தாண்ட எத்தன ஃப்ரேம் ஆச்சுன்னு எண்ணலாம். 30 மீட்டரை 25 ஃப்ரேம்ல தாண்டினா, செகண்டுக்கு 25 ஃப்ரேம் கேமரான்னா, 108 கிலோமீட்டர். ஆனா ராத்திரில சில கேமரா ஃப்ரேமை பாதியா குறைச்சிடும், அதை செக் பண்ணாம கணக்கு போட்டா வேகமே ரெண்டு மடங்கு தப்பா போயிடும்.

இப்ப சொல்றது கொஞ்சம் வலிக்கும், ஆனா உண்மை வேணும்னு கேட்டீங்க அதனால சொல்றேன். ஒருத்தர் ஆபத்தை பாத்து பிரேக்குல கால் வைக்க சுமாரா ஒன்றரை செகண்ட் ஆகும். 78-ல போனா அந்த ஒன்றரை செகண்ட்ல 32 மீட்டர் ஓடிடும். அதோட 18 மீட்டர் தடம். அதாவது மோதின இடத்துக்கு 50 மீட்டர் முன்னாடி தம்பி அந்த லாரியை மொதல்ல பாத்திருக்கான். லோ பீம் போட்டா லைட் இல்லாத அழுக்கு லாரி கண்ணுக்கு தெரியற தூரமே கிட்டத்தட்ட அதுதான். பாத்த உடனே செய்ய வேண்டியதை செஞ்சிருக்கான், ஒரு நொடி கூட வீணாக்கல. 78-ல போற வண்டி நிக்க 66 மீட்டர் வேணும், அவனுக்கு கிடைச்சது 50. அதே இடத்துல 60-ல வந்திருந்தா 45 மீட்டர்ல நின்னிருக்கும். அந்த ரோட்டுல 78 தப்பான வேகம்னு நான் சொல்ல மாட்டேன், நூறு மீட்டர் முன்னாடி ஒரு முக்கோண ரிஃப்ளெக்டர் வச்சிருந்தா 100-ல வந்தவனே நின்னிருப்பான்.

---

வக்கீல்_தல்லாகுளம்:

சிஸ்டர், மேல சொன்னதெல்லாம் சரி, சட்டத்துல இதை எங்க வைக்கணும்னு நான் சொல்றேன். எஃப்ஐஆர் தம்பி மேல இருக்குன்னு பயந்து உக்காந்துடாதீங்க, இழப்பீட்டு தீர்ப்பாயம் எஃப்ஐஆரை தாண்டி தானா சாட்சியத்தை பாக்கும், அங்க கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியதில்ல, எது நடந்திருக்க அதிக வாய்ப்புன்னு காட்டினா போதும். "அதிவேகம்"ங்கற வார்த்தைக்கு சுப்ரீம் கோர்ட் 1998-லயே கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்குல பதில் சொல்லிடுச்சு, ஹை ஸ்பீடுன்னு சாட்சி சொன்னா மட்டும் அஜாக்கிரதை ஆயிடாது, அது ஆளுக்கு ஆள் மாறுற வார்த்தைன்னு. லாரி பக்கம் மோட்டார் வாகனச் சட்டம் 122-வது பிரிவு இருக்கு, அடுத்தவங்களுக்கு ஆபத்து வர்ற மாதிரி வண்டிய ரோட்டுல விட்டுட்டு போகக் கூடாது.

லாரியோட இன்சூரன்ஸ் மேல 166-ல மனு போடணும், திருத்தின சட்டப்படி விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள, தள்ளிப் போடாதீங்க. எதிர்த்தரப்பு தம்பி மேலயும் பங்கு தப்பு இருக்குன்னு வாதாடும், அப்ப தீர்ப்பாயம் இவ்ளோ சதவீதம்னு கழிக்கும். அந்த சதவீதம் எவ்ளோங்கறதுலதான் 18 மீட்டரும் ஃபாஸ்டேக்கும் பல்பும் வேலை செய்யும். அதனால கிராஷ் லேப் தம்பி சொன்ன 60-ல நின்னிருக்கும்ங்கறதை கேட்டு மனசு ஒடையாதீங்க, அதை அவங்களும் கேப்பாங்க, நமக்கு முன்னாடியே பதில் தெரிஞ்சிருக்கணும். போலீஸ் 90 நாள்ல விரிவான விபத்து அறிக்கைய தீர்ப்பாயத்துக்கு குடுக்கணும், அதுக்குள்ள ஏர்பேக் யூனிட் டேட்டாவை கம்பெனி மூலமா எடுக்க சொல்லி விசாரணை அதிகாரிக்கும் எஸ்.பி. ஆபீஸுக்கும் மனு குடுத்து ரசீது வாங்கி வைங்க. நீங்களா மெக்கானிக்கை வச்சு கழட்டாதீங்க, கழட்டினா அதுவே உங்களுக்கு எதிரா போயிடும்.

---

ரிங்ரோடு_மதுரை:

நான் மேல எழுதினதுக்கு மன்னிச்சிடுங்கக்கா. அந்த 50 மீட்டர் கணக்கை படிச்சிட்டு நேத்து ராத்திரி ரிங் ரோட்டுல வேணும்னே லோ பீம்ல போய் பாத்தேன். ஓரமா நின்ன ஒரு டிப்பர் கண்ணுக்கு தெரிஞ்சப்ப ரொம்ப கிட்டக்க இருந்துச்சு. நான் அப்ப 60-லதான் போனேன்.

---

பழைய_பிரேக்_இன்ஸ்பெக்டர்:

அம்மா, ரெண்டு மூணு விஷயம் விட்டுட்டேன். தம்பி போட்டிருந்த செருப்போ ஷூவோ ஆஸ்பத்திரில குடுத்திருப்பாங்க, துவைச்சிடாதீங்க, வலது அடியில பிரேக் பெடல் ரப்பரோட வரி பதிஞ்சிருக்கான்னு பாக்கணும், பலமா மிதிச்சிட்டு இருக்கும்போது மோதினா சில சமயம் அப்படியே அச்சு விழும். சீட் பெல்ட்டையும் யாரும் அறுக்கவோ சுருட்டி விடவோ வேணாம், போட்டிருந்தான்னா தோள் பக்க வளையத்துல பெல்ட் உரசி பிளாஸ்டிக் உருகின பளபளப்பு தெரியும். முன் டயர் வெடிச்சிருக்குன்னு யாராவது சொன்னா அது மோதினதுக்கு முன்னயா பின்னயான்னு பாக்கணும், காத்தில்லாம ஓடியிருந்தா பக்கவாட்டுல சுத்தியும் மசிஞ்ச தடம் இருக்கும், மோதி கிழிஞ்சதுன்னா ஒரே இடத்துல வெட்டு இருக்கும்.

அந்தப் பக்கம் ரெண்டு நாள்ல மழைன்னு சொல்றாங்க. ஸ்டேஷன்ல கேட்டுட்டு ஒரு தார்ப்பாய் போட்டு முன்பக்கத்தை கட்டி வைங்க, ஒடைஞ்ச கண்ணாடி வழியா தண்ணி போய் அந்த ஏர்பேக் பெட்டில நின்னா அப்புறம் ஒண்ணும் எடுக்க முடியாது.

---

தம்பிக்கு_அக்கா:

இன்னைக்கு காலைல போய்ட்டு இப்பதான் வந்தோம். தார்ப்பாய் கட்டிட்டோம், ரைட்டர் ஒண்ணும் சொல்லல, அவரே ஒரு பக்கம் புடிச்சு கட்டினாரு. லாரி இன்னும் அங்கதான் இருக்கு. பின்னாடி கம்பி அளந்தோம், ஒரு பக்கம் 71 சென்டிமீட்டர், அடிபட்ட பக்கம் கம்பியே இல்ல, வெல்டிங் விட்ட தழும்புதான் இருக்கு. ஸ்டிக்கர் எதுவுமே இல்ல, பழசும் இல்ல புதுசும் இல்ல. இடது டெயில் லைட் நொறுங்கி கிடக்கு, பல்பு ஒண்ணு ஹோல்டர்லயே இருக்கு, தொடல, ஃபோட்டோ மட்டும் எடுத்தோம், லேபுக்கு அனுப்ப மனு குடுத்தாச்சு. பங்க் சிசிடிவி ஒண்ணு இருக்கு, ஓனர் பதிவை தனியா எடுத்து வைக்கிறேன்னு சொல்லிட்டாரு, போலீஸ் கடிதம் வந்தா குடுப்பாரு.

ஷூ பை இன்னும் பிரிக்கவே இல்ல, ஆஸ்பத்திரி கவர்ல அப்படியே பீரோவுல வச்சிருக்கேன். ஏர்பேக் டேட்டாவுக்கு வக்கீல் சார் சொன்னபடியே மனு எழுதி குடுத்துட்டோம், ரசீதும் வாங்கிட்டோம்.

அம்மாகிட்ட வேகம், 78, 60 எதுவும் இன்னும் சொல்லல. தம்பி தூங்கலம்மா, பாத்துட்டான், 18 மீட்டர் பிரேக்குல நின்னு வண்டிய ஓரமா திருப்பியிருக்கான்னு மட்டும் சொல்லி அந்த தடத்து ஃபோட்டோவ காட்டினேன். ஃபோனை கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாங்க. அப்புறம் ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க.